கரியனின் இடது பின்னங்கால்

இந்தக் காலத்து மனுசர்களை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. கல்யாணத்துக்குக் குதிரை மேல் ஏறி ஊர்வலம் போகிறான். மறுநாள் அந்தக் குதிரை எங்கே நிற்கிறது, தண்ணியாவது குடித்ததா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதே குதிரை எலும்பும் தோலுமாகி, யாரோ ஒரு புண்ணியவதி இழுத்துப்போய்க் காப்பாற்றினால், அப்போது மட்டும் ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நிற்கிறான். கையில் ஒரு கேரட். குதிரையின் தலைமாட்டில் நின்று ஒரு போட்டோ. எடுத்து முடித்ததும் மிச்சக் கேரட்டைத் தானே கடித்துக்கொண்டு போகிறான். என் அக்கா மகனே அப்படிச் செய்தவன்தான். அதனால், குதிரை மேல் பிரியம் என்று எவன் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

நான் நஞ்சப்பன். வயது அறுபத்தாறு. மூணாங்கிளாஸ் வரைக்கும் படித்தேன். அதிலும் வாத்தியார் சொன்னதில் பாதியை நம்பவில்லை. முப்பது வருசம் லாரி ஓட்டிவிட்டு, இப்போது மெர்சி அம்மணியின் அம்பாசிடரை ஓட்டுகிறேன். மெர்சி அம்மணி பதினெட்டு வருசம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவர். காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி நாலு வருசம் ஆகிறது. அவர் மூளையை ஓட்டுவார், நான் வண்டியை ஓட்டுவேன். இரண்டில் எது பழசு என்று கேட்காதீர்கள்.

அந்த வண்டியின் பிரேக்கை நம்ப முடியாது. பிரேக்கைப் பார்க்கிற மெக்கானிக்கை அதைவிட நம்ப முடியாது. எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றால் அது நாலு நாளில் அழுகிவிடும். இரும்பு அழுகாது. அதனால் ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் குதிரை லாடம் ஒன்று வாங்கி முன் பம்பரில் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன்.

தொண்ணூற்றாறாம் வருசம், புரட்டாசி மாசம். ஆயுத பூசைக்கு இன்னும் பத்து நாள். புதன்கிழமை காலையில் மதுக்கரைப் பக்கம் ஒரு குதிரைக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"குதிரைக்கு மடமுங்களா அம்மணி? உள்ளே வேற ஏதோ யாபாரம் நடக்குது பாருங்க" என்றேன்.

"ஏனுங்ணா, உங்க ஆயுசுல யாரையாவது நம்பியிருக்கீங்களா?"

"நம்பினேன். அம்பத்திரண்டாம் வருசத்துல. என்ர சைக்கிளை இரவல் வாங்கிட்டுப் போனான்."

"திரும்பி வரலீங்களா?"

"சைக்கிள் வந்துச்சு. பெல்லு வரலை."

குழந்தையம்மாள் குதிரைக் காப்பகம் என்று பச்சை போர்டு. உள்ளே ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. ஊட்டி ரேசில் ஓடி ஓய்ந்தது ஒன்று, வண்டி இழுத்து முதுகு புண்ணானது மூன்று, கண் தெரியாத மட்டக்குதிரை ஒன்று, இப்படி எட்டு உருப்படி. எல்லாம் நிழலில் நின்று வாலை வீசிக்கொண்டிருந்தன. என் வீட்டில் எனக்குக்கூட அவ்வளவு நிழல் கிடையாது.

குழந்தையம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை கொள்ளு மாவு. கையைக்கூடக் கழுவாமல் எங்களை நேராக ஒரு கருங்குதிரையிடம் கூட்டிப்போனார்.

"இவன்தானுங்க கரியன். சீனிவாசலுன்னு ஒரு ஆளு கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு உட்டுட்டிருந்தான். சீசன் முடிஞ்சதும் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னாடி கட்டிப்போட்டுப் போயிட்டான். பதினோரு நாளுங்க. புல்லு இல்லை, தண்ணி இல்லை. கயித்தையே தின்னுட்டு நின்னான். கோர்ட்டுல சொல்லி இக்கட்ட கொண்டாந்தேன்."

கரியன் என் தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கவ்வி இழுத்தது. நான் இழுத்தேன். அது இழுத்தது. கடைசியில் அதுவே ஜெயித்தது.

"உங்களைப் புடிச்சுப் போச்சு போல" என்றார் மெர்சி அம்மணி.

"துண்டைப் புடிச்சிருக்குங்க. முழிக்கிற முழியைப் பாருங்க, திருட்டு முழி."

குழந்தையம்மாள் சிரிக்கவில்லை. "நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை கோர்ட்டுல டாக்டர் சர்ட்டிபிகேட் வெக்கோணுங்க. என்ர பராமரிப்புல இவனுக்குக் கெடுதல் வந்திருந்தா, சீனிவாசலுகிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லிப் போடுவாங்க. இவன் நல்லா ஓடியாடிட்டுத்தான் இருந்தான். இப்ப ஒன்றரை மாசமா இடது பின்னங்கால் நொண்டுது. லாடம் அடிச்ச காயம்னு டாக்டர் சொல்றாரு. அடிச்சதே ஒருவாட்டிதானுங்க!"

பேசும்போதே அவர் கை கரியனின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. திரும்பவும் காளவாய்க்கா இவனை அனுப்புவது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் மெர்சி அம்மணி.

குழந்தையம்மாள் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில் ஒரு ஆள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜரிகைத் தலைப்பாகை மட்டும் புதுசு, மற்றதெல்லாம் அழுக்கு.

"சீனிவாசலு. தெனமும் வந்து உக்காந்து பாத்துட்டே இருக்கானுங்க."

மெர்சி அம்மணி வேலிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, உங்க குதிரை நொண்டறதைப் பாத்தீங்களா?"

"நேனே மொதல்ல பாத்தது!" என்றான் சீனிவாசலு. "திங்கக்கிழமை ஆனா நொண்டுது. செவ்வாய், புதன் நொண்டுது. வெள்ளி, சனிக்குள்ள கொஞ்சம் தேவலை. மறுபடி திங்கக்கிழமை நொண்டுது. ஆறு வாரமா பாக்கறேன். இந்தம்மா என்ர குதிரையைக் கெடுத்துப் போட்டாங்க. தை பொறந்தா எனக்கு முப்பது கல்யாணம் இருக்குது!"

"அவ்வளவு அக்கறை இருக்கற ஆளு பதினோரு நாள் எங்கய்யா போயிருந்தே?" என்றேன்.

"என்ர மச்சினன் கல்யாணம்."

"அதுக்கும் குதிரை இல்லாமயா?"

அவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினான். திரும்பி நடக்கும்போது மெர்சி அம்மணி, "பொய் சொல்றவன் கிழமை சொல்ல மாட்டாங்ணா" என்றார். "திங்கக்கிழமை நொண்டுதுன்னா ஞாயித்துக்கிழமை ஏதோ நடக்குது."

"ஞாயித்துக்கிழமை ஊரே இங்க இருக்குமுங்களே" என்றார் குழந்தையம்மாள். "நூறு பேரு வருவாங்க. சேவை செய்யறவங்க பத்து இருபது பேரு. அதுல ரவிக்குமார்னு ஒரு தம்பி, டவுன்ல பட்டறை வெச்சிருக்காரு. மத்தவங்க எல்லாம் தலையைத்தான் தடவுவாங்க. அந்தத் தம்பி ஒருத்தர்தான் கால்மாட்டுல உக்காந்து குளம்பு கழுவி உடுவாரு. வாரம் தவறாம ஒரு மூட்டை கொள்ளும் இறக்கிப் போடுவாரு. அவரு இருக்கையில ஈ கூடக் கரியன்கிட்ட அண்டாதுங்க."

அந்த நேரத்தில் லாடக்காரர் வந்துசேர்ந்தார். பேர் அப்துல் வஹீது. உக்கடத்தில் இருந்து சைக்கிளிலேயே வந்திருக்கிறார். எழுபது வயது. அரம், சுத்தியல், குறடு எல்லாம் ஒரு சாக்குப்பையில்.

நான் மெர்சி அம்மணியின் காதில் சொன்னேன். "ஆணி அடிச்ச காயம். ஆணி அடிக்கறவரு இவரு. கேஸ் முடிஞ்சுது. போலாங்களா?"

"சித்தெ இருங்ணா."

பாய் கரியனின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குறடால் ஆணிகளை ஒவ்வொன்றாக இழுத்து, லாடத்தைக் கழற்றினார். குளம்பின் ஓரத்தைப் பார்த்தவர் அப்படியே காலை இறக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

"யா அல்லா! இது குளம்பா, சல்லடையா?"

மெர்சி அம்மணி குனிந்து, பென்சில் முனையால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டு எண்ணினார். "ஒரு லாடத்துக்கு எத்தனை ஆணி அடிப்பீங்க பாய்?"

"ஆறு."

"இங்க நாப்பத்திரண்டு ஓட்டை இருக்குது. ஏழு லாடம். ஒண்ணு நீங்க அடிச்சது. மிச்சம் ஆறு?"

"நான் ஆடி மாசக் கடைசியில நாலு காலுக்கும் அடிச்சேன். அப்பறம் இன்னைக்குத்தான் வாரேன். இந்தாங்கம்மா, இது நான் அடிச்சதே இல்லை!" கழற்றிய லாடத்தை அவர் நீட்டினார். "நான் அடிக்கற ஒவ்வொரு லாடத்துலயும் முனையில அரத்தால ரெண்டு கோடு இழுத்துருவேன். முன்ன ஒருக்கா எவனோ அடிச்ச லாடத்துக்கு எனக்கு ஒதை உழுந்துச்சு. அன்னையில இருந்து இந்தப் பழக்கம். மத்த மூணு காலைப் பாருங்க."

பார்த்தோம். மூன்று கால்களிலும் லாடத்தின் முனையில் இரண்டு கோடு. மூன்றும் மதுக்கரைக் கல்லில் நடந்து நடந்து தேய்ந்திருந்தன. இடது பின்னங்கால் லாடத்தில் மட்டும் கோடும் இல்லை, தேய்மானமும் இல்லை. உலையில் காய்ந்த கருப்புகூடப் போகவில்லை.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "கோயில் வாசல்ல செருப்பு மாறிப்போன கணக்கா இருக்குதுங்க."

மெர்சி அம்மணி சட்டென்று நிமிர்ந்தார். "அங்கதான் இடிக்குதுங்ணா. கோயில்ல திருடறவன் எதை எடுப்பான்?"

"புதுசை எடுத்துட்டுப் பழசை உட்டுட்டுப் போவான்."

"இவன் பழசை எடுத்துட்டுப் புதுசை உட்டுட்டுப் போறான். வாரா வாரம். அப்பிடியொரு யோக்கியமான திருடன் நம்ம ஊர்ல யாருங்ணா?"

நான் வண்டி நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"குதிரைக்குக் கெடுதல் பண்ண நெனைக்கறவன் புது லாடம் செஞ்சு கொண்டுவர மாட்டான்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அவனுக்கு வேண்டியது குதிரை இல்லை. கருங்குதிரை நடந்து தேய்ச்ச இரும்பு. தேய்ஞ்ச இரும்பு யாருக்குங்க வேணும்?" என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங் நஞ்சப்பண்ணா, நம்ம வண்டி பம்பர்ல என்னமோ தொங்குதே, என்னதுங்க அது?"

"அதுங்களா... அது சும்மா, ஒரு இரும்பு."

எல்லோரும் வண்டிக்குப் போனோம். கரியனும் என் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கயிற்று நீளம் வரை வந்து பார்த்தது. பாய் குனிந்து, லாடத்தைத் திருப்பி, கட்டைவிரலால் தூசியைத் துடைத்தார்.

முனையில் இரண்டு கோடு.

"என்ர லாடம்!" என்றார் பாய்.

"என்ர குதிரையோடது!" என்றார் குழந்தையம்மாள்.

"வாங்கினது நானுங்க!" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்கள் மூவரும் பார்த்த பார்வையில், முப்பது வருசத்தில் முதல் தடவையாக என்னையே எனக்கு நம்ப முடியாமல் போயிற்று.

"எங்க வாங்கினீங்ணா?"

"கணபதியில ஒரு பம்ப்செட் பட்டறைங்க. என்ர தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டப் போயிருந்தேன். கருங்குதிரையோட இடது பின்னங்கால் லாடம், ஓடித் தேய்ஞ்சது, கட்டினா ஒரு வெனையும் அண்டாதுன்னாங்க."

"யாரு?"

"பேரு கேக்கலை. வெள்ளைச் சட்டைக்காரன்கிட்ட பேரு கேட்டா விசிட்டிங் கார்டு குடுப்பான். அந்தாளு மேசைக்குள்ள இருந்து ஒண்ணை எடுத்து நீட்டினான். நான் வாங்கலை. உள்ளே இருந்து எடுத்துத் தர்ற சரக்கை நான் நம்பறதில்லை. உன்ர பட்டறை வாசல்ல தொங்குது பாரு, அதையே கழட்டிக் குடுன்னு ஒத்தைக் கால்ல நின்னு வாங்கியாந்தேன்."

மெர்சி அம்மணி முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டார். "அவன் மொதல்ல கழட்டினது பாய் அடிச்ச லாடம். அதைத் தன்ர வாசல்லயே மாட்டிக்கிட்டான். கோடு போட்டது அது ஒண்ணுதான். மேசைக்குள்ள இருந்ததை வாங்கியிருந்தீங்கன்னா நமக்குத் துப்பே கெடைச்சிருக்காது. உங்க சந்தேக புத்தி இன்னைக்கு ஒரு குதிரையைக் காப்பாத்தியிருக்குதுங்ணா. ஏறுங்க, போலாம்."

குழந்தையம்மாளும் கொள்ளு மாவுக் கையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

கணபதி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆயுத பூசைக்காகப் பட்டறை வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே லேத் சத்தம் காதைக் கிழித்தது. நான் ஆரன் அடித்ததும் வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. முப்பத்தைந்து வயது, நெற்றியில் குங்குமம், முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க, வாங்க! இன்னொரு லாடம் வேணுங்களாய்யா? ஆயுத பூசைக்கு எல்லாருமே சொல்லி வெச்சிருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமை கழட்டினதும் உங்களுக்குத்தான் மொத..."

பின் கதவு திறந்தது. குழந்தையம்மாள் இறங்கினார்.

"தம்பி ரவிக்குமாரு" என்றார்.

சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. உள்ளே யாரோ லேத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா... நீங்க எங்க இக்கட்ட?"

"குளம்பு கழுவறதாத்தானே சொன்னீங்க சாமி? நூறு பேரு முன்னாடி, பட்டப்பகல்ல, என்ர கண்ணு முன்னாடியே கழட்டினீங்களா?"

"மறைக்கலீங்கம்மா! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை. எல்லாரும் தலைப்பக்கந்தான் நிப்பாங்க."

அதை மட்டும் நான் நம்பினேன்.

விசயம் இதுதான். பட்டறை படுத்துப்போன நேரத்தில் ஒரு சோசியர் கருங்குதிரை லாடம் மாட்டச் சொல்லியிருக்கிறார். இவன் ஞாயிற்றுக்கிழமை கரியனிடம் ஒன்று கழற்றி, தன் உலையில் அடித்த புது லாடத்தை அங்கே மாட்டினான். மறுவாரமே பல்லடத்தில் இருந்து நாற்பது மோட்டாருக்கு ஆர்டர். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் விடுவார்களா? எனக்கொன்று, உனக்கொன்று என்று வந்துவிட்டார்கள்.

"காசு வாங்கினீங்களா?" என்று கேட்டார் மெர்சி அம்மணி.

"எனக்குன்னு ஒரு பைசா எடுக்கலீங்க. அதுலதான் வாராவாரம் கொள்ளு மூட்டை வாங்கிப் போட்டேன். குதிரையோட லாடம், குதிரைக்கே தீனி."

இதை நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

"குதிரை நொண்டுதுன்னு தெரியலையா?" என்றார் குழந்தையம்மாள்.

"நான் ஞாயித்துக்கிழமை காத்தால வாரப்ப நல்லாத்தான் நிக்கும்மா. அதுவுமில்லாம, தேய்ஞ்ச புஷ்ஷைக் கழட்டிப் புதுசு போட்டா மோட்டாருக்கு நல்லதுதானுங்களே! வாராவாரம் புது லாடம். எந்தக் குதிரைக்குங்க கெடைக்கும் இந்த யோகம்? நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்."

மெர்சி அம்மணி கைப்பையில் இருந்து அன்று கழற்றிய லாடத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். "மோட்டாருக்கு போல்ட்டு போற ஓட்டை எப்பவும் ஒரே ஓட்டை தம்பி. நீங்க வாராவாரம் புதுசா ஆறு ஓட்டை போட்டிருக்கீங்க. அது வார்ப்பு இல்லை. உசுரு."

ரவிக்குமார் லாடத்தைப் பார்த்தான். விரலால் ஆறு ஓட்டைகளையும் தடவினான். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"ஒரே பிளேட்டுல... நாப்பத்திரண்டு ஓட்டை" என்றான். "எந்தப் பிளேட்டுங்க தாங்கும்?" அங்கேயே, ஈரச் சுண்ணாம்பு மேலேயே, வெள்ளைப் பேண்ட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையம்மாள் அவன் முன்னால் போய் நின்றார். "எந்திரிங்க. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பட்டறைகள்ல மாட்டின லாடம் அத்தனையும் ஆயுத பூசைக்குள்ள திரும்பி வந்துரோணும். நீங்களும் தெனமும் காத்தால வாங்க. கால்ப்பக்கம் வேண்டாம். லத்தி அள்ளுங்க."

பொழுதோடு காப்பகத்துக்குத் திரும்பினோம். டாக்டர் வந்திருந்தார். ரவிக்குமார் எழுதிய காகிதத்தைப் படித்தார், கரியனின் குளம்பைப் பார்த்தார். காயம் வெளியாள் செய்தது, காப்பகத்தின் பராமரிப்பில் குற்றமில்லை. லாடமே இல்லாமல் மெத்தென்ற மண்ணில் ஒரு வருசம் நிற்கவேண்டும், அதற்குள் புதுக் குளம்பு வளர்ந்துவிடும், அதுவரை எவரும் மேலே ஏறக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்.

மெர்சி அம்மணி அந்தச் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்குப் போனார்.

"சீனிவாசலு, உங்க குதிரையை வேணும்னா நீங்களே ஓட்டிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குங்க காத்திருக்கோணும்?"

குழந்தையம்மாள் பதறிப்போய் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டு, பேசாமல் இருக்கச் சொன்னேன்.

சீனிவாசலு பெஞ்சை விட்டு எழுந்தான். "நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஒரு வருசம் சும்மா நிக்கவெச்சுத் தீனி போடோணும். தெனமும் கொள்ளு. மெத்துன மண்ணு. ஊர்வலம் கூடாது. தையில முப்பது கல்யாணம்னீங்களே, அதுக்கு வேற குதிரை பாத்துக்கோங்க."

அவன் கரியனைப் பார்த்தான். கொள்ளு மூட்டையைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். "சும்மா நிக்கற குதிரைக்கு நான் எதுக்கய்யா தீனி போடோணும்?"

"போடவே வேண்டாம்" என்று மெர்சி அம்மணி பேனாவை நீட்டினார். "எனக்கு வேண்டாம்னு இதுல ஒரு கையெழுத்து."

போட்டுவிட்டான். தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயே போய்விட்டான். எந்தக் காயத்தால் குதிரை போய்விடும் என்று அழுதோமோ, அந்தக் காயமே அதை அங்கே நிறுத்திவிட்டது. மெர்சி அம்மணி செய்கிற வேலை எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

பாய் மற்ற மூன்று லாடங்களையும் கழற்றினார். கரியன் வெறுங்காலோடு ஈர மண்ணில் இறங்கி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பார்த்தது. அப்புறம் புரண்டது. நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயில் என் துண்டோடு, ஒரு புரளல். பாய்கூடச் சிரித்துவிட்டார்.

குழந்தையம்மாள் என்னிடம் வந்தார். "அண்ணா, மொத லாடத்தை நீங்களே குடுத்துருங்க."

"இது கட்டின நாள்ல இருந்து வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றேன்.

"போன வாரம் பாலக்காட்டு ரோட்டுல எருமை மேல இடிச்சீங்களே?" என்றார் மெர்சி அம்மணி.

"அது எருமையோட தப்புங்க."

"அண்ணா" என்றார் குழந்தையம்மாள். "ஒரு சீவனை நொண்டவெச்ச இரும்பு உங்களுக்கு என்னங்க நல்லது பண்ணிப்போடும்?"

கம்பியை அவிழ்த்து லாடத்தை அவர் கையில் கொடுத்தேன். பம்பரில் வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து மெர்சி அம்மணியிடம் நீட்டினேன்.

"என்னங்ணா இது?"

"வண்டியை நீங்க ஓட்டிட்டு வாங்க."

"நஞ்சப்பண்ணா! அதுல சக்தி இல்லைன்னு இவ்வளவு நேரம் பாத்தீங்க..."

"பாத்தனுங்க. நீங்க சொல்றது நாயந்தான். பிரேக்குக்கு அது தெரியோணுமே."

நான் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் எல்லோரும் சிரிப்பது கேட்டது, திரும்பவில்லை. மெயின் ரோட்டுக்கு ஒன்றரை மைல். அங்கே போனால் உக்கடம் பஸ் வரும். அதில் டிரைவருக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழமாவது தொங்கும்.